பழைய புல்லட்டின் பின்பாகம் ஆடுவது ஏன்?

பழைய மோட்டார் சைக்கிள்களின்மீது பற்றுடைய நண்பர்கள் நம் கல்லூரியில் எப்பொழுதும் சிலர் இருந்தே வருகின்றனர். எஞ்சினைப்பற்றிப் பேசத் தொடங்கினால் அவர்கள் பொழுது போவதறியார். கார்புரேட்டர், மாக்னெட்டோ, பிஸ்டன் என்பன அவர்கள் நாவில் ஓயாது நடமாடும். ஆனால், வண்டியின் பின்பாகத்தைத் தாங்கி நிற்கும் ஸ்பிரிங்குகளைப்பற்றியும் அவற்றிற்கு முன்னே மறைந்து கிடக்கும் கீலைப்பற்றியும் அவர்களுள் ஒருவரேனும் வாய்திறக்க நாம் கேட்டதில்லை. எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டி யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பின்பாகம் தேய்ந்த வண்டியோ ஓடிக்கொண்டேயிருக்கும். அதனாலேயே இப்பொருளை எழுதத் துணிந்தோம்.

இக்கல்லூரியின் பழைய மாணவரும், தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்றவருமான நண்பர் ஒருவரிடம் அவர் தந்தையார் வாங்கிய புல்லட் ஒன்று உண்டு. திருவொற்றியூரில் 1963-இல் செய்யப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நூலைப் பார்க்கும்பொருட்டு, நாம் அவர் பின்னே அமர்ந்து கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் புறப்பட்டோம். அக்காலத்தில் அச்சாலையை நால்வழியாக அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. முதுநகரைக் கடந்தது முதல் சில இடங்களில் புதுத் தார், சில இடங்களில் வெறும் ஜல்லி, சில இடங்களில் மண்மேட்டைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி. ஆலப்பாக்கம் வரையில் குறையொன்றும் தெரியவில்லை. அதற்கப்பால் நேரான நல்ல சாலை வந்தது. அங்கேதான், நாம் அமர்ந்திருந்த பின்பாகம் நீரில் மிதக்கும் தோணியைப்போல் மெல்ல இப்புறமும் அப்புறமும் அசையக் கண்டோம். டயரில் காற்றுக் குறைவோ என்று எண்ணி வாளா இருந்துவிட்டோம்.

பி. முட்லூரைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் ஏறியபொழுது பேருந்து ஒன்று எம்மை முந்திச் சென்றது. அதன் காற்று எம்மேல் மோதியதுதான் தாமதம். வண்டியின் வால் மும்முறை நான்குமுறை வீசி ஆடிற்று. ஹேண்டில்பார் ஒரு திசை சொல்ல, பின்சக்கரம் வேறொரு திசை சென்றது. நண்பர் பழகிய கையுடையவராதலின் பிரேக்கைத் தொடாமல், முறுக்கிய கைப்பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். கைப்பிடிச்சுவருக்கு ஒரு சாண் தொலைவில் ஆட்டம் அடங்கிற்று. அக்கரை சென்று வண்டியை நிறுத்திய பின்னும் நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பேத்தியைத் தினமும் இதில்தானே பள்ளிக்கூடத்திற்கு ஏற்றிச் செல்கிறேன்," என்றார்.

வியப்பு யாதெனின், அதற்கு முந்திய மாதத்திலேதான் கடலூரில் ஒரு பட்டறையில் இதே ஆட்டத்திற்காக அவர் ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்றியிருந்தார். ஓய்வூதியத்தில் ஒரு பகுதி அதற்குச் சென்றிருந்தது. அதற்குப் பிறகும் ஆட்டம் நீங்காமை கண்டு பின்சக்கரத்துப் பேரிங்குகளையும் மாற்றியிருந்தார். பணம் போயிற்று, நோய் போகவில்லை.

நிற்க. அந்நோயின் மூலத்தைக் கூறுமுன் வண்டியின் பின்பாகம் எவ்வாறு அமைந்திருக்கின்றது என்பதைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் முற்காலத்தில் பின்சக்கரத்திற்கு ஸ்பிரிங் என்பதே பெரும்பாலும் இல்லை. மிதிவண்டியிற்போலவே அது சட்டத்தில் நேரே முடுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தின் அடி முழுவதையும் டயரும் இருக்கையின் கீழுள்ள இரண்டு சுருள்களும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியது ஓட்டுபவனின் முதுகெலும்புக்கு. 1928-இல் இங்கிலாந்தில் பிலிப் வின்சென்ட் என்பவர் தம் வண்டிகளின் பின்சக்கரத்தை ஸ்பிரிங்கின்மேல் அமைத்தார். அத்தகைய வண்டிகளை அக்காலத்தார் பலர் ஐயுற்றே நோக்கினர். அவர்களது ஐயம் மூடத்தனமன்று. சக்கரம் மேலும் கீழும் அசைய வேண்டுமானால் எங்கேனும் ஒரு கீல் வேண்டும்; கீல் தேய்ந்தால் சக்கரம் பக்கவாட்டிலும் அசையும்; பக்கவாட்டில் அசையும் பின்சக்கரம் வண்டியைத் தானே திருப்பத் தொடங்கிவிடும் என்பது அவர்கள் கூற்று. 1935-இல் மான் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தில் ஸ்டான்லி உட்ஸ் என்னும் வீரர் பின் ஸ்பிரிங் வைத்த மோட்டோ குஸ்ஸி வண்டியில் நான்கே விநாடி முந்தி வெற்றிபெற்றார். அதன்பின் அவ்வெறுப்பு மெல்லத் தளர்ந்தது.

ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் புல்லட் என்ற பெயரை 1932 முதலே வழங்கிவந்தபோதிலும், பின்புறம் அசையும் கவட்டுக்கையோடு கூடிய புல்லட்டை 1948-இல் மேடுபள்ளப் பந்தயங்களில் ஓட்டிக் காட்டி, மறு ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1955-இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாருடன் கூடி இந்நாட்டிலேயே அவ்வண்டியை உண்டாக்க ஏற்பாடாயிற்று. திருவொற்றியூர்த் தொழிற்சாலை அதன் பயனே. நம் நண்பரின் தந்தையார் வாங்கியது அவ்வரிசையைச் சேர்ந்தது.

அதன் பின்பாகத்தில் உள்ள உறுப்புகள் சிலவே. இரும்புக் குழாயாலாகிய கவட்டுக்கை ஒன்று. பட்டறைகளில் இதனை ஸ்விங் ஆர்ம் என்பர். அதன் பின்முனைகள் இரண்டிற்கும் இடையே சக்கரம் நிற்கிறது. முன்முனை, கியர்பெட்டிக்குப் பின்னே, சட்டத்தில் ஒரு கீலில் மாட்டப்பட்டிருக்கிறது. அக்கீலின் உள்ளே நடுவில் ஒரு முள். அதன்மேல் ஓர் எஃகுக் குழல். குழலின்மேல் பக்கத்திற்கு ஒன்றாக வெண்கலப் புஷ்கள். முள்ளை முடுக்கும்பொழுது குழல் சட்டத்தோடு இறுகி நின்றுவிடும். புஷ்கள் கவட்டுக்கையோடு சேர்ந்து அக்குழலின்மேல் மேலும் கீழுமாகப் புரளும். கவட்டுக்கையின் பின்முனைகளிலிருந்து இருக்கையின் அடிக்கு இரண்டு ஷாக் அப்சார்பர்கள் செல்கின்றன.

ஷாக் அப்சார்பர் என்பதில் இரண்டு பொருள்கள் ஒன்றாயிருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெளியே தெரியும் சுருள் ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. உள்ளே உள்ள எண்ணெய்க் குழாய் அந்த ஸ்பிரிங்கை அடக்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால், ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல்போல் வண்டி பலமுறை குதித்துக்கொண்டேயிருக்கும். எண்ணெய்க் குழாயின் உள்ளே ஒரு பிஸ்டன் சிறு துளைகளின் வழியாக எண்ணெயைப் பிதுக்கித்தான் நகரக்கூடும். அப்பாடுபடுவதில் ஊஞ்சலின் சக்தி வெப்பமாய்ச் செலவழிந்துவிடுகிறது. அமுங்கும்பொழுது இலேசாகவும் விரியும்பொழுது கடினமாகவும் இருக்குமாறு அத்துளைகளை அமைப்பது வழக்கம். பள்ளத்தில் சக்கரம் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். ஸ்பிரிங் திரும்ப விரிகையில் ஓட்டுபவனைத் தூக்கி எறியலாகாது.

இனிச் சிதம்பரத்தில் நடந்ததைக் கூறுவோம். வண்டியை நடைவேகத்திலேயே ஓட்டிச் சென்று, ரயிலடிப் பக்கம் சிறு பட்டறை வைத்திருந்த வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவரிடம் சேர்ந்தோம். அவர் வண்டியை நோக்குமுன் நண்பரை நோக்கினார். "ஆட்டத்துக்குப் பேர்போன ஊருக்கே ஆடும் வண்டியைக் கொண்டுவந்தீர்களா?" என்று சிரித்துவிட்டு, "வாத்தியார் ஐயா, ஆடுகிறது என்று மட்டும் சொன்னால் போதாது. எப்பொழுது ஆடுகிறது, அதைச் சொல்லுங்கள்," என்றார்.

அவர் கேட்ட கேள்விகள் வைத்தியர் நாடி பார்ப்பதை ஒத்திருந்தன. நேராக ஓடுகையிலா, திரும்புகையிலா? தனியே செல்கையிலா, பின்னால் ஆள் இருக்கையிலா? புறப்பட்ட உடனேயா, பல மைல் சென்ற பிறகா? நண்பர், ஆலப்பாக்கத்திற்குப் பிறகுதான் தொடங்கிற்று என்றார். நாம் உடனே குறுக்கிட்டு, ஷாக்கின் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போயிருக்கும் என்று எமது புத்தக அறிவைக் காட்டினோம். அக்கருத்து முற்றும் தவறன்று. எண்ணெய் குறைந்த ஷாக் குளிர்ந்திருக்கையில் ஒழுங்காயிருந்து, கரடுமுரடான பாதையில் சில மைல் உழைத்துச் சூடான பின் வலியிழத்தல் உண்டு. ஆனால் மேஸ்திரி மற்றொரு கேள்வி கேட்டார்: "அந்த இடத்தில் வேகம் கூட்டினீர்களா?" கூட்டியது உண்மை. ஆலப்பாக்கம் வரையில் சாலை பொல்லாததாயிருந்தபடியால் மெல்லச் சென்றோம்; நல்ல சாலை வந்ததும் விரைந்தோம். ஆகவே ஆட்டம் தூரத்தினால் வந்ததன்று; வேகத்தினால் வந்தது. இவ்விரண்டையும் பிரித்துணராமையால் எத்தனை ஷாக்குகள் குற்றமின்றித் தண்டிக்கப்பட்டனவோ!

அடுத்து அவர் கேட்டது இன்னும் நுட்பமானது. "கைப்பிடியை முறுக்கும்பொழுது வண்டி ஒரு பக்கமும், விடும்பொழுது மறுபக்கமும் சற்றே ஒதுங்குகிறதா?" நண்பர் சிறிது எண்ணிப் பார்த்து, ஆம் என்றார், பல நாளாய் அப்படித்தான், பழகிப்போய்விட்டது என்றும் சொன்னார். மேஸ்திரி தலையசைத்தார். இதன் காரணம் தெளிவானதே. புல்லட்டில் செயின் இடப்புறம் இருக்கின்றது. எஞ்சின் இழுக்கும்பொழுது செயின் சக்கரத்து அச்சின் இட முனையை முன்னோக்கி இழுக்கிறது; கைப்பிடியை விட்டால் அவ்விழுப்பு நீங்கிவிடுகிறது. கீல் இறுக்கமாயிருந்தால் இதனால் ஒன்றும் நேராது. கீல் தேய்ந்திருந்தால் கவட்டுக்கை முழுவதும் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை திரும்பும். அதனுடன் சக்கரமும் திரும்பும்.

எனினும் அவர் உடனே கீலைக் கழற்றிவிடவில்லை. எளிதானவற்றை முன்னர்ப் பார்த்து விலக்கினார். டயரின் காற்றை அளந்தார். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் தட்டி ஓசை கேட்டார். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். சக்கரத்தின் இருபுறமும் உள்ள நத்தை வடிவச் செயின் சரிசெய்வான்கள் ஒரே பல்லில் நிற்கின்றனவா என்று நோக்கினார். முன்சக்கரத்தை நிலத்தினின்று தூக்கி, ஹேண்டில்பாரின் கழுத்துப் பேரிங்கில் ஆட்டம் உண்டா என்றும் பார்த்தார். கழுத்துத் தளர்ந்த வண்டியும் ஆடும். ஆனால் அவ்வாட்டம் கையில் விரைவான நடுக்கமாகத் தெரியுமேயன்றி, இடுப்பின்கீழ் மெதுவான வீச்சாகத் தெரியாது. இவை யாவும் பத்து நிமிடத்திற்குள் முடிந்தன.

பின்னர் ஷாக்குகள். இருக்கையின் பின்பகுதியைத் தன் பாரம் முழுவதும் கொடுத்து அமுக்கிச் சட்டென்று விட்டார். வண்டி எழும்பி ஒரே முறையில் அடங்கிற்று. அடங்காமல் இரண்டு மூன்று முறை குதிக்குமாயின் எண்ணெய் போயிற்று என்று கொள்ளலாம். இச்சோதனையை அறியாதார் இலர். ஆனால் இதில் ஒரு மயக்கம் உண்டு. அமுக்கினால் அமுங்கவே மாட்டாத வண்டியைக் கண்டு, "எவ்வளவு உறுதி!" என்று மகிழ்வோரை நாம் பார்த்திருக்கிறோம். அது உறுதியன்று. உள்ளே தண்டு வளைந்தோ துருப்பிடித்தோ குழாய் பிடித்துக்கொண்டுவிட்டது. அத்தகைய வண்டி பழங்காலத்து ஸ்பிரிங் இல்லாத வண்டிக்கு நிகராகும். ஷாக்கின் தண்டைச் சுற்றிப் புழுதி சேறுபோல் ஒட்டியிருத்தல் எண்ணெய்க் கசிவின் அடையாளம். ஐயம் தீர வேண்டுமானால் ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை நீக்கி, தண்டைக் கையால் இழுத்தும் அமுக்கியும் பார்க்க வேண்டும். இழுப்பு முழுத்தூரமும் ஒரு சீராகக் கனத்திருத்தல் நலம். தொடக்கத்தில் சிறிது தூரம் கனமின்றி நழுவி, பிறகு பிடிக்குமாயின் எண்ணெயினுள் காற்றுப் புகுந்துவிட்டது. ஸ்பிரிங்குகளை அருகருகே நிறுத்தி உயரம் ஒப்பிடுதலும் தவறலாகாது. 

ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்திருக்கின்றது என்பதை வீட்டிலேயே அளந்தறியலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தொங்கும்படி செய்து, அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டில் இட்ட குறி வரை அளக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஓட்டுபவர் அமர்ந்தபடி மற்றொருவர் அளக்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றி மறுபடியும் ஓர் அளவு. ஓட்டுபவர் ஒருவரே அமர்ந்த நிலையில் ஸ்பிரிங்கின் முழு அசைவில் மூன்றிலொரு பங்களவு இறங்கியிருத்தல் பொதுவாகத் தகும். இருவர் அமர்ந்தவுடனே அசைவு பெரும்பாலும் தீர்ந்துவிடுமாயின், அவ்வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் அடிதட்டும். அந்த ஓசையைத்தான் பலர் ஷாக் உடைந்த ஓசை என்பர். சிறு கற்களின்மேல் மட்டும் டக்கு டக்கென்று கேட்பது பெரும்பாலும் ஷாக்கின் காதுகளிலுள்ள ரப்பர் தேய்ந்ததன் ஓசை. அது செலவு சிறிய வேலை.

நண்பரின் புது ஷாக்குகள் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டன. மேஸ்திரி சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பற்றி எதிரெதிராக அசைத்தார். இங்கே கண் எங்கே நோக்க வேண்டும் என்பதே வித்தை. சக்கரம் அசையக் கவட்டுக்கை அசையாதிருந்தால் குற்றம் சக்கரத்துப் பேரிங்கில்; கவட்டுக்கையும் சேர்ந்து அசைந்தால் குற்றம் கீலில். புதுப் பேரிங்காதலின் முன்னது இல்லை. கவட்டுக்கையில் அசைவு உண்டோ இல்லையோ என்னுமளவில் ஏதோ தெரிந்தது. "இப்படிப் பார்த்தால் பிடிபடாது, ஐயா. ஷாக் இரண்டும் இதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கைகட்டி நிற்கும் பிள்ளை மாதிரி சும்மா இருக்கும்," என்று சொல்லி, ஷாக்குகளின் கீழ்ப்போல்ட்டுகளையும் சக்கரத்தையும் கழற்றினார். கவட்டுக்கை தனித்து நின்றது. எமது பெருவிரலைக் கீலும் சட்டமும் சேரும் இடுக்கின்மேல் வைக்கச் செய்து, பின்முனையைப் பற்றி இடமும் வலமுமாக அசைத்தார். விரலின்கீழ் தெளிவாக ஒரு சொடுக்கு. மறுபுறம் வைத்தோம், அங்கே அதிற் பாதி. இரண்டு பட்டறைகளிலும் காணாத குற்றம் பெருவிரலில் அகப்பட்டது.

சொடுக்கு மிகச் சிறியது. அரை மில்லிமீட்டர் இருக்கலாம். அரை மில்லிமீட்டரா இருவரைப் பாலத்தினின்று தள்ளும் என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்குக்காகப் புஷ்கள் இரண்டிற்கும் இடையே 15 சென்டிமீட்டரும், கீலிலிருந்து அச்சு வரை 45 சென்டிமீட்டரும் என்று கொள்வோம். ஒரு புஷ் முன்னும் மற்றொன்று பின்னுமாகச் சேர்ந்து அரை மில்லிமீட்டர் விலகினால், அச்சில் அது மும்மடங்காகி ஒன்றரை மில்லிமீட்டர் ஆகும். டயரின் கடைக்கோடியில் இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேல். தூரம் பெரிதன்று, ஆனால் அது சக்கரத்தின் திசையையே மாற்றும் தூரம். சக்கரம் ஒருபுறம் திரும்பியதும் வண்டி அப்படிச் செல்லத் தலைப்படுகிறது. உடனே நிலத்தின் எதிர்ப்பு அதை மறுபுறம் தள்ளுகிறது. அங்கே மறுபடியும் அதே இடைவெளி காத்திருக்கிறது. குறைந்த வேகத்தில் இவ்வீச்சு தானே அடங்கும். வேகம் கூடக் கூட அடங்கும் தன்மை குறைந்துகொண்டே வரும். பின்னால் ஒரு பாரம், பக்கத்தில் ஒரு பேருந்துக் காற்று, வேறென்ன வேண்டும்?

கீலைக் கழற்றுவது எளிதாயில்லை. முள் துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் செம்புக்கட்டை வைத்து அடித்த பிறகே வெளிவந்தது. உள்ளேயிருந்த கிரீஸ் காய்ந்த மெழுகாயிருந்தது. எஃகுக் குழலின்மேல் அம்மைத் தழும்புபோல் துருக்குழிகள்; அக்குழிகளின் விளிம்பு அரம்போல் நின்று, தன்னினும் மெல்லிய வெண்கலப் புஷ்ஷை ஆண்டுக்கணக்கில் அராவியிருந்தது. செயின் இழுக்கும் இடப்புறத்துப் புஷ் வட்டமிழந்து முட்டை வடிவாகியிருந்தது.

குழலைக் கையில் உருட்டிப் பார்த்த மேஸ்திரி, "வண்டி எப்பொழுதாவது தண்ணீரில் நின்றதா?" என்று கேட்டார். அப்பொழுதுதான் நண்பருக்கு நினைவு வந்தது. 2015 நவம்பர் மாதப் பெருமழையில் அவர் தெருவில் மூன்று நாள் முழங்கால் மட்டும் நீர் நின்றது. வெள்ளம் வடிந்ததும் எஞ்சினைப் பிரித்துக் கழுவினார்கள், கார்புரேட்டரைத் துடைத்தார்கள், எண்ணெய் மாற்றினார்கள், மாக்னெட்டோவை வெயிலில் உலர்த்தினார்கள். முழங்காலுக்குக் கீழே இருந்த கீலை ஒருவரும் நினைக்கவில்லை. உள்ளே சென்ற நீர் வெளியே வர வழியின்றி அங்கேயே தங்கிற்று. கடலூர், பரங்கிப்பேட்டைக் கரைகளில் வாழ்வார்க்கு இதனைச் சொல்ல வேண்டியதில்லை. உப்பனாற்றுக் காற்றே இரும்பை அரிக்கும். அதனோடு வெள்ளமும் சேர்ந்தால் கேட்பானேன்? 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் சேலத்து இரும்புக்கல்லைக் கொணர்ந்து பரங்கிப்பேட்டையில் உருக்காலை நடத்தினார். இரும்பைப் பிறப்பித்த கரையே இரும்பைத் தின்னும் கரையாகவும் இருப்பதை அவரும் கண்டிருப்பார்.

வெள்ளம் மட்டுமே காரணமாக வேண்டுவதில்லை. வாட்டர் சர்வீஸ் என்று சொல்லி மிக்க விசையோடு நீரைப் பீய்ச்சி அடிக்கும்பொழுது கீலின் ஓரத்தில் பீய்ச்சினால் அதுவும் சிறு வெள்ளமே. கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிகளில் பழைய கிரீஸ் ஓரங்களில் பிதுங்கி வெளிவரும் வரை துப்பாக்கியால் புதுக் கிரீஸ் ஏற்ற வேண்டும். வெளிவரும் கிரீஸ் செம்பழுப்பாயிருந்தால் உள்ளே துரு பிறந்துவிட்டது. நிப்பிள் இல்லாதவற்றில் முள்ளைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பிறவகை வண்டிகளுக்கு இம்முறைகள் சற்று வேறுபடும். சில பி.எஸ்.ஏ. வண்டிகளின் கவட்டுக்கையில் வெண்கலத்திற்குப் பதிலாக எஃகு வளையங்களுக்கிடையே ஒட்டிய ரப்பர் புஷ் இருக்கும். அதற்குக் கிரீஸ் ஆகாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். அங்கே சொடுக்குக் கேட்காது. ரப்பர் வெடித்து, கவட்டுக்கை நடுவிலிருந்து ஒருபுறம் தாழ்ந்திருப்பதே அடையாளம். கவட்டுக்கை இல்லாமல், சக்கரத்தின் இருபுறமும் நேராக ஏறி இறங்கும் தூண்கள் உடைய பழைய வண்டிகளும் உள. அவற்றில் இரு தூண்களும் ஒத்து இயங்குகின்றனவா என்பதே கேள்வி. ஒன்று தேய்ந்து மற்றொன்று இறுகினால் சக்கரம் சாயும். டிரயம்ப் வண்டிகள் சிலவற்றில் ஸ்பிரிங் முழுவதும் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். அதற்குரிய கருவியின்றி அக்குடத்தைத் திறக்கத் துணியும் மாணவர் எவரேனும் இருப்பின், அருள்கூர்ந்து திறவாதிருக்க. அமுக்கி அடைத்த ஸ்பிரிங் கட்டவிழ்ந்து முகத்தில் பாயும்.

புது எஃகுக் குழலும் புஷ்களும் வர ஒரு வாரம் ஆயிற்று. புஷ்களை அழுத்தி ஏற்றிய பின் அவற்றின் துளைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு லேத் பட்டறையில் ஒருசேரக் கடைந்தார்கள். தனித்தனியே கடைந்தால் கோணல் நிற்கும். புதுப் புஷ்ஷும் ஓராண்டில் தேயும். குழல் புஷ்களைவிட மயிரிழையளவு நீளமாயிருத்தல் இன்றியமையாதது. குட்டையாயிருப்பின், முள்ளை முடுக்கும்பொழுது சட்டம் குழலைப் பற்றாமல் கவட்டுக்கையையே நெரித்துவிடும். ஸ்பிரிங் இருந்தும் இல்லாததாகும். எல்லாம் மாட்டிய பின், ஷாக்குகளைச் சேர்க்குமுன், மேஸ்திரி கவட்டுக்கையைக் கிடைமட்டமாக உயர்த்தி விட்டார். அது பொத்தென்று விழவுமில்லை, நின்றுபோகவுமில்லை. தன் பாரத்தால் மெல்ல மெல்ல இறங்கிற்று. பின்முனையைப் பற்றிப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தோம். பெருவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கூலி ஷாக்குகளின் விலையில் நான்கிலொரு பங்குகூட இல்லை. நண்பருக்கு அப்பொழுது கடலூர்ப் பட்டறையின்மேல் கோபம் வந்தது. கழற்றிய பழைய ஷாக்குகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தவர், அவற்றை எடுத்து வந்து மேஸ்திரியின் முன் போட்டார். மேஸ்திரி இரண்டையும் ஸ்பிரிங் நீக்கி இழுத்துப் பார்த்தார். ஒன்று நல்லது. மற்றொன்றில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. தண்டு நீரிறைக்கும் கயிறுபோல் தாராளமாய் வந்தது. "அவர்கள் சொன்னதும் பாதி மெய்தான், ஐயா," என்றார். ஒரு குற்றம் அகப்பட்டவுடன் தேடுவதை நிறுத்திவிட்டனர், அவ்வளவே.

திரும்பும்பொழுது பாலத்தின்மேல் வேண்டுமென்றே ஒரு பேருந்தைப் பின்னே வரவிட்டு, அது முந்துமளவும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பேருந்து கடந்து சென்றது. நண்பர் ஒரு கையை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அதுமுதல் ஒவ்வோராண்டும் ஐப்பசி பிறந்தவுடன் அவ்வண்டி அவர் வீட்டுத் திண்ணையில் நான்கு வரிசைச் செங்கல்லின்மேல் ஏறிவிடுகிறது. மழை விடும் வரையில் பேத்தி பள்ளிக்கூடத்திற்கு நடந்தே செல்கிறாள்.